முதல்ல வாத்தியாருக்கு ஒரு ஐ.வி. போடுங்கப்பா

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. ஆணி அதிகமா இருக்கறவங்க சாயங்காலமா ஒரு டீயோட வந்து படிங்க. வாத்தியார் வேலையில இருக்கற மக்கள் கோவப்படாம கடைசி வரைக்கும் படிங்க. திட்டு உங்களுக்கு இல்ல.

போன ஞாயித்துக்கிழமை என் கூடப் படிச்ச நண்பன் ஒருத்தன் போன் பண்ணான். திருச்சி பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில மெக்கானிக்கல் டிபார்ட்மெண்ட்ல உதவிப் பேராசிரியர். "மச்சி, நாளைக்கு சி.எல். போட்டிருக்கேன்"னான். கல்யாணமா, காதுகுத்தான்னு கேட்டேன். "இல்லடா, மண்ணச்சநல்லூர்ல ஒரு ரைஸ் மில்லுக்குப் போறேன்"னான். அரிசி வாங்கவான்னு கேட்டேன். கெட்ட வார்த்தையில திட்டிட்டு விஷயத்தைச் சொன்னான். அதுல ஆரம்பிச்சது தான் இந்தப் பதிவு.

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன கொசுவத்தி.

நானும் மெக்கானிக்கல் தான். (இப்ப பண்றது ஜாவா. சிரிக்காதீங்க, உங்கள்ல பாதிப் பேர் கதையும் அதான்.) 2014ல சேர்ந்து 2018ல வெளிய வந்தேன். அந்த நாலு வருஷத்துல மூணு தடவை ஐ.வி. போனோம். ஐ.வி.ன்னா இண்டஸ்ட்ரியல் விசிட். அதாவது, ராத்திரி பஸ் ஏறி, விடிய விடிய குத்துப்பாட்டு போட்டு ஆடி, காலையில கொச்சியிலயோ மைசூர்லயோ இறங்கி, ஏதோ ஒரு பால் பண்ணையிலயோ பிஸ்கட் கம்பெனியிலயோ நாப்பது நிமிஷம் கண்ணாடிக்கு வெளிய நின்னு வேடிக்கை பார்த்து, அவங்க குடுக்கற ஓசி ஃப்ளேவர்ட் மில்க்க குடிச்சுட்டு, லெட்டர்பேட்ல ஒரு கையெழுத்தும் சீலும் வாங்கிக்கிட்டு, மிச்சம் ரெண்டு நாள் தீம் பார்க், பீச், போட்டிங். கூட வந்த சாரும் மேடமும் பஸ்ல முன் சீட்ல உக்காந்து தலை எண்ணுவாங்க. பாவம், அவங்களுக்கு அது டியூட்டி. நாங்க தண்ணி அடிக்கறோமான்னு பார்க்கறது, பொண்ணுங்க ரூம் பக்கம் எவனும் போகாம பார்த்துக்கறது.

எனக்கு இன்னிக்கும் உறுத்தற விஷயம் என்னன்னா, எங்களுக்கு பாய்லர் பாடம் எடுத்தவர் பாய்லரைப் பார்த்ததே இல்ல. அவரே சொன்னார். மூணாவது செமஸ்டர்னு நினைக்கறேன், ஒரு பையன் எழுந்து "சார், இந்த வாட்டர் லெவல் கிளாஸ் உடைஞ்சா என்ன ஆகும்?"னு கேட்டான். சார் ஒரு நிமிஷம் போர்டைப் பார்த்தார். அப்புறம் "டேய், நான் படத்துல தான்டா பார்த்திருக்கேன், அடுத்த கிளாஸ்ல சொல்றேன்"னார். நேர்மையான மனுஷன். மறுநாள் படிச்சுட்டு வந்து சொன்னார். உடைஞ்சா தண்ணி போற வழியை அடைக்க உள்ள ஒரு குண்டு இருக்குமாம். ஆனா எங்க கல்லூரி எங்க இருந்ததுன்னு நினைக்கறீங்க? 1965லேர்ந்து நாட்டுக்கே உயர் அழுத்த பாய்லர் செஞ்சு குடுக்கற பெல் தொழிற்சாலை இருக்கற அதே திருச்சி ஜில்லாவுல. பஸ் ஏறினா ஒரு மணி நேரம். எங்க சாருக்கு அப்ப முப்பத்தஞ்சு வயசு இருக்கும், பி.இ., எம்.இ. ரெண்டுமே அந்தச் சுத்துவட்டாரத்துல முடிச்சவர்.

தப்பு அவர் மேல இல்லைங்கறது அப்ப புரியல, இப்ப புரியுது. பி.இ. முடிச்சதும் எம்.இ., எம்.இ. முடிச்சதும் வேலை. அவர் எப்ப பாய்லரைப் பார்த்திருக்க முடியும்? மாணவனா இருந்தப்ப அவரும் நம்மள மாதிரி கொச்சின் தானே போயிருப்பார்!

சரி, நண்பன் கதைக்கு வரேன்.

தனியார் கல்லூரியில வேலை பார்க்கற நண்பர்கள் இருக்கறவங்களுக்குத் தெரியும், ஏப்ரல் மே மாசத்துல அவங்க என்ன பண்றாங்கன்னு. ப்ளஸ் டூ பரீட்சை முடிஞ்சதும் அட்மிஷன் கேன்வாசிங். ஆளுக்கு ஒரு ஏரியா, ஒரு லிஸ்ட், ஒரு கட்டு நோட்டீஸ். வெயில்ல டூவீலர்ல ஊர் ஊராப் போய் வீட்டுக் கதவைத் தட்டி "அம்மா, உங்க பையன் என்ன மார்க்கு?"ன்னு கேக்கணும். இத்தனை சீட்டு நிரப்பலேன்னா சம்பளத்துல கை வைப்போம்னு மிரட்டற இடமும் இருக்கு. எம்.இ. படிச்சவன், சில பேர் பி.எச்.டி. முடிச்சவங்க, இன்சூரன்ஸ் ஏஜெண்ட் மாதிரி வாசல்ல நிக்கறாங்க. ஆக, நம்ம பேராசிரியர்கள் ஊர் சுத்தாம ஒண்ணும் இல்ல. மாவட்டத்துல இருக்கற எல்லா சந்தும் பொந்தும் அவங்களுக்கு அத்துப்படி. ஆனா போறது வேற வேலைக்கு.

அப்படி போன வருஷம் மே மாசம் இவன் மண்ணச்சநல்லூர் ஏரியா போயிருக்கான். பொன்னி அரிசிக்கு பேர் போன ஊர், மில்லுங்க அதிகம். லிஸ்ட்ல இருந்த ஒரு பையனோட அப்பா ஒரு மில்லுல பாய்லர்காரர். வீட்டுல ஆள் இல்ல, மில்லுல இருப்பார்னு சொல்லவும் இவன் நேரா மில்லுக்கே போயிட்டான். நெல் அவிக்கறதுக்கு ஸ்டீம் வேணும், அப்புறம் காய வைக்கற டிரையருக்கும் வேணும். அதுக்கு உமியையே எரிச்சு பாய்லர் ஓட்டறாங்க. நெல்லுல இருந்து வர்ற உமியே நெல்லை வேக வைக்குது. இவன் மூணு வருஷமா தெர்மல் இன்ஜினியரிங் எடுக்கறான். எரியற பாய்லர் பக்கத்துல போய் நின்னது அன்னிக்கு தான் முதல் தடவையாம்.

நோட்டீசைக் குடுத்து பேச ஆரம்பிச்சிருக்கான். பாய்லர்காரர் அதை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு, "சார் மெக்கானிக்கலா? நல்லதாப் போச்சு. ஒரு சந்தேகம்"னு ஆரம்பிச்சுட்டார். உமிச் சாம்பல் குழாயை அரிச்சு எடுத்துடுது, முன் வரிசைக் குழாயை அடிக்கடி மாத்த வேண்டியிருக்கு, பின் வரிசை நல்லாத்தான் இருக்கு. விறகு போட்டு எரிச்ச காலத்துல இப்படி இல்லைன்னு பழைய ஆளுங்க சொல்றாங்க. இது ஏன் சார், இதுக்கு உங்க காலேஜ்ல ஏதாச்சும் வழி சொல்லுவீங்களா?

நம்மாளு ஙே.

"மச்சி, அந்த நிமிஷம் எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சுடா. அந்த மனுஷன் என்னைக் கிண்டல் பண்ணல. நிஜமாவே எனக்குத் தெரிஞ்சிருக்கும்னு நம்பிக் கேட்டாரு. அதான் வலிச்சுது. என்கிட்ட அவர் பையனை நாலு வருஷம் அனுப்பச் சொல்லி நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

பாய்லர்காரர்னா சும்மா உமி தள்றவர்னு நினைச்சுடாதீங்க. அதுக்கு அரசாங்கப் பரீட்சை எழுதி சர்டிபிகேட் வாங்கணும், அது இல்லாம பாய்லர் பக்கத்துல நிக்கவே கூடாது. அவர் சாயங்காலம் ப்ளோ டவுன் எடுக்கறதைக் காட்டியிருக்கார். பாய்லர் அடியில தங்கற கசடை அழுத்தத்தோட வெளிய தள்றது. புக்குல "ப்ளோ ஆஃப் காக், அதன் பயன்கள் யாவை, ரெண்டு மார்க்". இங்க அது இடி இடிச்ச மாதிரி சத்தம் போட்டு வெள்ளையா ஆவி கிளம்பினதும் நம்ம உதவிப் பேராசிரியர் பத்தடி பின்னாடி ஓடிட்டாராம். பாய்லர்காரர் சிரிச்சுக்கிட்டே, "பயப்படாதீங்க சார், இது டெய்லி பண்றது தான்"னு சொன்னாராம்.

வீட்டுக்கு வந்து இவன் தேடிப் படிச்சிருக்கான். உமியை எரிச்சா அஞ்சுல ஒரு பங்கு சாம்பலாவே மிஞ்சும். அந்தச் சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்கா, அதாவது மணல்ல இருக்கற அதே சரக்கு. சூடான புகையோட சேர்ந்து அது வேகமாப் போய் முதல் வரிசைக் குழாய்ல மோதினா உப்புத்தாள் வச்சுத் தேய்க்கற மாதிரி தான். விறகுல சாம்பலே கொஞ்சம். காரணம் கிடைச்சாச்சு, வழி கிடைக்கல. அதுக்கு அவன் துவாக்குடிக்குப் போனான். பெல்லைச் சுத்தி ஃபேப்ரிகேஷன் பட்டறைகள் நிறைய இருக்கு இல்லையா, அதுல ஒண்ணுல வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு வெல்டரைப் பிடிச்சான். அவர் ஒரு நிமிஷம் கூட யோசிக்கல. "தம்பி, காத்து வேகத்தைக் குறைக்கப் பாருங்க, ஃபேனை முழுசாத் திறந்து வச்சிருப்பான் உங்காளு. முன் வரிசைக் குழாய் மேல தகடு கவசம் கட்டுங்க. தேயட்டும், தகடு தானே தேயுது."

வேகம் ரெண்டு மடங்கு ஆனா தேய்மானம் ரெண்டு மடங்கோட நிக்காது, அதைவிட எகிறும்னு இவனுக்கு ஃபார்முலாவாத் தெரியும். எம்.இ.யில படிச்சிருக்கான். ஆனா அந்த ஃபார்முலாவும் இந்தக் குழாயும் ஒண்ணுங்கறது துவாக்குடியில தான் ஒட்டுச்சு.

இதுல எனக்குக் கடுப்பாகற விஷயம் இது. கேள்வி மண்ணச்சநல்லூர்ல இருந்தது. பதில் துவாக்குடியில இருந்தது. நடுவுல அம்பது கிலோமீட்டர் கூட கிடையாது. அந்த ரெண்டுக்கும் நடுவுல எத்தனை பொறியியல் கல்லூரி இருக்குன்னு திருச்சிக்காரங்க நீங்களே எண்ணிக்கோங்க. அத்தனையும் சும்மா இருந்திருக்கு, ஒரு அட்மிஷன் நோட்டீஸ் போய் இந்த ரெண்டையும் சேர்த்து வைக்க வேண்டியிருந்திருக்கு.

இப்ப என் கட்சியைச் சொல்லிடறேன். பசங்களுக்கு ஐ.வி. போடறதுக்கு முன்னாடி வாத்தியார்களுக்குப் போடுங்க. கொச்சின் வேண்டாம், பெங்களூர் வேண்டாம், கல்லூரி வாசல்லேர்ந்து அம்பது கிலோமீட்டர் சுத்தளவுக்குள்ள. மாசம் ஒரு நாள். அவ்வளவு தான்.

இது என் சொந்தச் சரக்கு இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி ஆறு மாசம் ஆன்சைட்ல வட கரோலினாவுல இருந்தேன். பக்கத்து அபார்ட்மெண்ட்ல ஒருத்தர், சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்துல புதுசாச் சேர்ந்த பேராசிரியர். ஒரு நாள் அவர் பேச்சுவாக்குல சொன்னது தான், அங்க டார் ஹீல் பஸ் டூர்னு ஒண்ணு நடத்தறாங்க. 1997ல ஆரம்பிச்சது. நடுவுல பல வருஷம் நின்னு போய் 2019ல மறுபடி ஆரம்பிச்சாங்க. புதுசா வந்த பேராசிரியர்களையும் நிர்வாகிகளையும் பஸ்ல ஏத்தி மாநிலம் முழுக்கக் கூட்டிட்டுப் போறாங்க. பண்ணை, தொழிற்சாலை, சின்னச் சின்ன ஊர் எல்லாம். உன் வகுப்புல உக்காந்திருக்கறவன் எந்த ஊர்லேர்ந்து வரான், அவன் அப்பா அம்மா என்ன தொழில் பண்றாங்கன்னு பார்த்துட்டு வாங்கற மாதிரி. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துலயும் 1980கள்லேர்ந்தே இதே மாதிரி ஒண்ணு இருக்கு. அமெரிக்காக்காரன் பண்றான்னு சொன்னா தான் நம்மாளுங்க காது குடுப்பாங்கங்கறதால இதைச் சொல்றேன், மத்தபடி எனக்கு அதுல பெருமை ஒண்ணும் இல்ல.

நம்ம ஊர்ல வாத்தியார்களுக்குப் பயிற்சியே இல்லையான்னா, இருக்கு. 1987லேர்ந்து யு.ஜி.சி. பல்கலைக்கழகங்கள்ல இதுக்குன்னே மையங்கள் வச்சு நடத்திக்கிட்டு இருக்கு. பேர் தான் அப்பப்ப மாறுது. அது போக எஃப்.டி.பி.ன்னு ஒண்ணு. ஏசி செமினார் ஹால், குத்துவிளக்கு, பொன்னாடை, நூத்திருவது ஸ்லைடு பவர்பாயிண்ட், மதியம் வெஜ் பிரியாணி, சாயங்காலம் சர்டிபிகேட். 2020 லாக்டவுன்ல இது உச்சத்துக்குப் போச்சு. வீட்டுல உக்காந்து வெபினாரை ம்யூட்ல போட்டுட்டு, கடைசியில பத்து கேள்வி க்விஸ் எழுதினா இ-சர்டிபிகேட் மெயில்ல வந்து விழும். என் நண்பன் அந்த ஒரு வருஷத்துல மட்டும் அறுவத்தி மூணு சர்டிபிகேட் வாங்கினான். அறுவத்தி மூணு நாயன்மார்னு அவனுக்குப் பேரே வச்சோம். அதுல ஒண்ணு கூட அந்தப் பாய்லர்காரர் கேள்விக்கு உதவல.

எங்க போறதுன்னு கேப்பீங்க. திருச்சியையே எடுத்துக்கறேன், எனக்குத் தெரிஞ்ச ஊர்ங்கறதால.

சிவில்காரங்க கல்லணைக்குப் போகட்டும். ஏற்கனவே போயிருப்பாங்க, குடும்பத்தோட, மீன் வறுவல் சாப்பிட. அதைச் சொல்லல. வேலையாப் போகணும். 329 மீட்டர் நீளத்துக்குக் கல்லை மணல் மேல போட்டு ஒரு அணை எப்படி நிக்குது? ஆத்து மணல்ல போட்ட கல்லு தண்ணி அரிக்க அரிக்கக் கீழ இறங்கும், அது மேல இன்னொரு கல்லு, அதுவும் இறங்கும், ஒரு கட்டத்துக்கு மேல இறங்காது. பாறை தேடிப் போகாம மணல்லயே அஸ்திவாரம் போடற இந்த வித்தையை ஆர்தர் காட்டன் இங்க வந்து தான் கத்துக்கிட்டார். 1836லேர்ந்து 38க்குள்ள முக்கொம்புல கொள்ளிடத்து மேல அணை கட்டினார், அப்புறம் கோதாவரியில போய் தவளேஸ்வரம் கட்டினார். ஆக, வெள்ளைக்கார இன்ஜினியரே நம்ம ஊர்ல ஃபீல்ட் ட்ரிப் வந்து படிச்சுட்டுப் போயிருக்கார். நம்ம ஊர் ஹைட்ராலிக்ஸ் வாத்தியார் மீன் வறுவலோட திரும்பி வரார்.

அதே முக்கொம்புல 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி அந்தக் கொள்ளிடம் அணையோட ஒன்பது ஷட்டர் அடிச்சுக்கிட்டுப் போச்சு. ஞாபகம் இருக்கும். ஊரே போய் வேடிக்கை பார்த்தது. நூத்தி எண்பது வருஷம் நின்னது ஏன் விழுந்தது, மணல் எடுத்ததா, பராமரிப்பா, வயசான்னு டீக்கடையில எல்லாம் சண்டை. அந்த மாசம் திருச்சியில இருக்கற ஒவ்வொரு சிவில் டிபார்ட்மெண்டும் வகுப்பைப் பூட்டிட்டு அங்க போயிருக்க வேண்டாமா? அப்ப என் நண்பனோட கல்லூரியில நாக் விசிட் வருதுன்னு எல்லாரும் ஃபைலுக்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டுக்கிட்டு இருந்தாங்க.

பொன்மலை ரயில்வே பட்டறை. 1928ல நாகப்பட்டினத்துலேர்ந்து இங்க வந்தது. ஊட்டி மலை ரயிலுக்கு எண்ணெயில ஓடற புது நீராவி என்ஜினை 2011ல இங்க தான் செஞ்சாங்க. நீராவி என்ஜின் செத்துப் போச்சுன்னு புக்கு சொல்ற காலத்துல, வரைபடத்தைத் தூசு தட்டி எடுத்து புதுசா ஒண்ணை உருவாக்கின ஆளுங்க நம்ம ஊர்ல இருக்காங்க. அவங்கள்ல ஒருத்தரைக் கூட எந்தக் கல்லூரி மேடையிலயும் நான் பார்த்ததில்ல. ஆண்டு விழாவுக்கு சின்னத்திரை நடிகர் வருவார்.

அரியலூர் பக்கம் போனா சிமெண்ட் ஆலைகள். ஏன் அங்கயே வரிசையா இருக்கு? ஒரு காலத்துல அது கடலா இருந்த இடம், சுண்ணாம்புக்கல்லு. பெரம்பலூர் பக்கத்துல சாத்தனூர்ல பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாப் படுத்துக் கிடக்கு. 1940ல எம்.எஸ்.கிருஷ்ணன்னு நம்மூர் புவியியல் அறிஞர் கண்டுபிடிச்சது. வாரணவாசியில புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கு. கான்க்ரீட் டெக்னாலஜி எடுக்கறவங்க கையில ஒரு நத்தை மாதிரி அம்மோனைட்டை வச்சுக்கிட்டு "இது தான்டா உன் வீட்டு செவுரு"ன்னு சொன்னா எந்தப் பையன் தூங்குவான்?

முக்கியமா, அந்தந்த டிபார்ட்மெண்ட் மட்டும் போகக் கூடாது. இங்கிலீஷ் மேடமும் கணக்கு சாரும் பஸ்ல இருக்கணும். எங்க கணக்கு சார் ஃபூரியர் சீரிஸை எதுக்குப் படிக்கறோம்னு கேட்டா "பதினாறு மார்க்குக்கு"ன்னு சொல்லுவார். அவரை ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையிலயோ, அதிர்வு பார்த்து பேரிங் போச்சுன்னு சொல்ற ஆள் பக்கத்துலயோ ஒரு நாள் நிக்க வைக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

காசு? கல்லூரி பஸ் காலையில ஒன்பதுக்கு வந்து சாயங்காலம் நாலு வரைக்கும் வேப்ப மரத்தடியில நிக்குது. டிரைவர் அண்ணன் துண்டை விரிச்சுப் படுத்திருப்பார். போக வர அறுபது கிலோமீட்டர், லிட்டருக்கு நாலு குடுத்தாலும் பதினஞ்சு லிட்டர் டீசல், இன்னிக்கு விலைக்கு ஆயிரத்தைந்நூறுக்குள்ள. ஒரு எஃப்.டி.பி.க்குப் பொன்னாடையும் பூங்கொத்தும் அதைவிட ஜாஸ்தி ஆகும்.

கம்பெனிக்காரன் உள்ள விடுவானான்னு ஒரு கேள்வி. நியாயமான கேள்வி. பெரிய கம்பெனி விடாது, விட்டாலும் பி.ஆர்.ஓ. வந்து வீடியோ போட்டுக் காட்டி அனுப்பிடுவார். அறுபது பசங்களை அழைச்சுக்கிட்டுப் போனா யார் தான் விடுவா, எவன் எதுல கை வைப்பானோன்னு பயம். ஆனா ஏழெட்டு வாத்தியார்கள், போட்டோ எடுக்க மாட்டோம், பேனர் கட்ட மாட்டோம், கத்துக்க வந்திருக்கோம்னு போய் நின்னா மில்லு, பட்டறை, ஃபவுண்ட்ரி வச்சிருக்கற நம்ம ஜனங்க டீ வாங்கிக் குடுத்துச் சொல்லித் தருவாங்க. "வாத்தியார் நம்மகிட்ட கத்துக்க வந்திருக்கார்"ங்கறதுல அவங்களுக்கு இருக்கற சந்தோஷத்தை என் நண்பன் சொல்லிக் கேட்டிருக்கேன்.

இன்னொண்ணு, இது கொஞ்சம் கனமான விஷயம். 2014 ஜூன் 8. இமாச்சலப் பிரதேசத்துல பியாஸ் ஆத்துல ஹைதராபாத்லேர்ந்து டூர் போன பொறியியல் மாணவர்கள் 24 பேர் அடிச்சுக்கிட்டுப் போனாங்க. லார்ஜி நீர்மின் அணையில தண்ணி திறந்து விட்டதுல. நான் பி.இ. சேரப் போற வருஷம் அது. எங்கம்மா அந்த வீடியோவை டிவியில பார்த்துட்டு, நாலு வருஷமும் நான் ஐ.வி. கிளம்பும்போதெல்லாம் "தண்ணி பக்கம் போகாத தம்பி"ன்னு சொல்லாம அனுப்பினதில்ல. தண்ணியைத் திறந்தவங்க குத்தம் தான் முதல்ல, அதுல சந்தேகம் இல்ல. ஆனா ஆத்துல மேல அணை இருக்கு, தண்ணி எப்ப வேணா வரும், இந்தப் பாறையில நிக்கக் கூடாதுன்னு அந்த இடத்தை முன்னாடியே வந்து பார்த்து விசாரிச்ச ஒரு ஆசிரியர் கூட இருந்திருந்தான்னு என் மனசு அப்பப்ப கணக்குப் போடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, யாருமே முன்ன பின்ன பார்க்காத இடத்துக்குப் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறோம். தெரிஞ்ச இடத்துக்கு, தெரிஞ்சவங்க கூட்டிட்டுப் போனா என்ன?

"நீ சாப்ட்வேர்காரன், உனக்கென்ன தெரியும்"னு பின்னூட்டத்துல வரப் போற அனானிக்கு முன்கூட்டியே பதில். எனக்கும் இதே அடி விழுந்திருக்கு. ஒரு கோடவுனுக்கு ஸ்டாக் ஸ்கேன் பண்ற ஆப் எழுதினோம். எட்டு மாசம் ஏசியில உக்காந்து எழுதினது. போட்ட அன்னிக்கே புகார் மேல புகார். நாங்க லாக் ஃபைலைத் தோண்டித் தோண்டிப் பார்த்தோம், ஒண்ணும் இல்ல. கடைசியில என்னை அனுப்பினாங்க. அங்க போனா, ஆளுங்க கையில கையுறை போட்டிருக்காங்க. நாங்க வச்ச பட்டன் அந்த விரலுக்கு அகப்படல. பத்து நிமிஷத்துல தெரிஞ்ச விஷயம். அந்தக் கோடவுன் எங்க ஆபீஸ்லேர்ந்து இருபது கிலோமீட்டர். எட்டு மாசத்துல ஒருத்தனும் போகல, என்னையும் சேர்த்து.

சரி, நண்பன் விஷயம் என்ன ஆச்சு. தகடு கவசம் போட்டாங்க. ஃபேன் வேகத்தையும் குறைச்சுப் பார்த்தாங்க, ரொம்பக் குறைச்சா உமி சரியா எரியாம கறுப்புப் புகை வருதுன்னு நடுவுல ஒரு இடத்துல நிறுத்தியிருக்காங்க. குழாய் எவ்வளவு நாள் தாங்குதுன்னு இன்னும் பார்த்துக்கிட்டு தான் இருக்காங்க, ஜெயிச்சாச்சுன்னு எல்லாம் சொல்ல முடியாது. ஆனா இவன் வகுப்பு மாறிடுச்சு. பாய்லர் பாடம் ஆரம்பிக்கும்போது இப்ப போர்டுல படம் போடறதில்லையாம், ஒரு டப்பாவுல உமிச் சாம்பலைக் கொண்டு போய் மேஜையில வச்சு, விரல்ல தேய்ச்சுப் பாருங்கடான்னு ஆரம்பிக்கறான். அந்த பாய்லர்காரர் பையனும் இதே கல்லூரியில தான் சேர்ந்தான், ஆனா கம்ப்யூட்டர் சயின்ஸ். (என்ன கொடுமை சார் இது!)

போன திங்கக்கிழமை இவன் தனியாப் போகல. எலக்ட்ரிகல்லேர்ந்து ஒருத்தர், இங்கிலீஷ் மேடம் ஒருத்தங்க, மூணு பேர். மில்லு கரெண்ட் பில்லைப் பார்த்துட்டு எலக்ட்ரிகல்காரர் பவர் ஃபேக்டர் பத்தி மொதலாளிகிட்ட ஒரு மணி நேரம் பேசியிருக்கார். இங்கிலீஷ் மேடம் நெல் அவிக்கற அம்மாக்களோட உக்காந்து அவங்க பேச்சையெல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டு வந்தாங்களாம், எதுக்குன்னு அவங்களுக்கே இன்னும் தெரியல.

செவ்வாய்க்கிழமை மூணு பேரும் அந்த ஒரு நாளை சி.எல்.லேர்ந்து ஓ.டி.யா மாத்தித் தரச் சொல்லி எழுதிக் குடுத்திருக்காங்க. ஆபீஸ்ல கேட்ட முதல் கேள்வி, "அட்டெண்டன்ஸ் சர்டிபிகேட் எங்க?" மில்லுக்கு ஏது லெட்டர்பேட்? மொதலாளி யோசிச்சுட்டு பில் புக்குல ஒரு தாளைக் கிழிச்சு, "மேற்படி மூவரும் காலை பத்து மணி முதல் மாலை நாலு மணி வரை எங்கள் மில்லில் இருந்தார்கள், மதியம் சாப்பிட்டார்கள்"னு தமிழ்ல எழுதி, சீல் குத்தி, கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார். அதோட ஜெராக்ஸை எனக்கு வாட்ஸப்ல அனுப்பியிருக்கான். மேல "ரா ரைஸ், பாயில்டு ரைஸ் மொத்த வியாபாரம்"னு அச்சடிச்சிருக்கு.

ஃபைல் இன்னும் பிரின்சிபால் ரூம்ல தான் இருக்காம். ஓ.டி. கிடைச்சுதா இல்லையான்னு அடுத்த பதிவுல சொல்றேன்.